மன்னரின் நூலும் மாக்பெத் நாடகமும்

ஷேக்ஸ்பியரின் 'மாக்பெத்' மன்னரை மகிழ்விக்க எழுந்த நாடகம் என்பாரும் உளர். அக்காலச் சட்டத்தோடு ஒப்பிட்டால் நாம் காண்பது வேறு. ஸ்காட்லாந்து மன்னர் ஆறாம் ஜேம்ஸ், 1590இல் டென்மார்க்கிலிருந்து அரசியுடன் திரும்புகையில் புயலில் சிக்கினார். அது சூனியக்காரிகளின் செயலெனக் கொண்டு பலர்மேல் வழக்கு எழுந்தது. ஆக்னஸ் சாம்ப்சன் என்னும் மருத்துவச்சியை மன்னரே விசாரித்தார். வதைக்குப்பின் குற்றத்தை ஒப்பிய அவர் 1591இல் கொல்லப்பட்டார். 1597இல் மன்னர் பேயியல் நூலொன்றும் வெளியிட்டார். 1603இல் அவர் இங்கிலாந்துக்கும் அரசரானார். மறு ஆண்டே அங்குச் சூனியத் தடைச்சட்டம் கடுமையாயிற்று.

ஏறத்தாழ 1606இல் தோன்றிய நாடகம் அச்சூனியக்காரிகளையே மேடையேற்றுகிறது. ஆயின் அவர்தம் ஆற்றலுக்கு எல்லையும் வகுக்கிறது. கப்பலை அலைக்கழிக்க இயலும், அழிக்க இயலாது என்கிறாள் ஒருத்தி. மாக்பெத்துக்கு அவர்கள் அரசுரிமையை முன்னுரைக்கின்றனர். கொலை செய்யுமாறு சொல்லவில்லை. அவ்வெண்ணம் அவன் நெஞ்சில் விளைந்தது. சட்டம் எளிய பெண்களின் குடிசைகளில் தேடிய தீமையைக் கவிஞர் அரண்மனைக்குள் காட்டினார். நாடகத்தின் உயிர்நிலை இதுவே என்பது நம் துணிபு.