இரண்டாவது குவளை

சித்தன்னவாசல் குன்றின் மேலே, ஏழடிப்பட்டத்தில், சமணத் துறவிகளுக்காக வழவழவென்று இழைத்த 17 கற்படுக்கைகள் இருக்கின்றன. குளிக்காமல் இருப்பதும் தலைமயிரைக் கையாலேயே பறித்தெடுப்பதும் சமணத் துறவிகளின் நோன்பு. 7ஆம் நூற்றாண்டுச் சைவம் அந்த நோன்பையே குறியாக்கிக்கொண்டது. சம்பந்தரின் பதிகங்களில் வழக்கமாகப் பத்தாம் பாடல் சமணரையும் பௌத்தரையும் சாடும். கொள்கையோடு உடம்பும் அங்கே ஏச்சுக்கு உள்ளாகிறது: அழுக்கு, நாற்றம், மழித்த தலை. சமணர் தமிழுக்கே அந்நியர் என்ற படிமம் இப்பாடல்களில் எப்படி உருவானது என்பதை இந்திரா விஸ்வநாதன் பீட்டர்சன் 1998இல் வெளியான கட்டுரையில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். வெறுப்புக்கு முதலில் கண்ணில் படும்படியான ஓர் அடையாளம் வேண்டும். துறவியின் உடம்பு அதைக் கொடுத்தது.

சித்தன்னவாசலைப் போலவே வேங்கைவயலும் அன்னவாசல் ஒன்றியத்து ஊர்தான். 2022 டிசம்பர் 26 அன்று, குழந்தைகள் அடுத்தடுத்து நோயுற்றதால் சந்தேகப்பட்ட தலித் மக்கள் தங்கள் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியில் ஏறிப் பார்த்தார்கள். குடிநீரில் மனித மலம் மிதந்தது. மறுநாள் மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் வந்தபோது மேலும் இரண்டு செய்திகள் வெளிவந்தன: பக்கத்து இறையூரின் டீக்கடையில் தலித்துகளுக்குத் தனிக் குவளை வைக்கும் இரட்டைக் குவளை முறை, அங்குள்ள அய்யனார் கோயிலில் தலித்துகளுக்கு அனுமதி இல்லை. அதிகாரிகள் மக்களைக் கோயிலுக்குள் அழைத்துப் போனார்கள். அந்த நேரத்தில் ஒரு பெண் சாமி வந்து ஆடி, தலித்துகளை இழிவாகப் பேசினார். அவரும் டீக்கடைக்காரரும் கைதானார்கள்.

இனவெறி மனதுக்குள் எப்படி இயங்குகிறது என்று உளப்பகுப்பாய்வு எழுதியவற்றில் மிக வலுவான பகுதி அழுக்கைப் பற்றியது. தன்னால் ஏற்க முடியாத தன் பகுதியைப் பிய்த்து இன்னொருவருக்குள் திணித்து, பிறகு அவரைக் கண்டு அஞ்சும் மனச்செயலை மெலனி கிளைன் 1946இல் விவரித்தார். ஜோயல் கோவல் 1970இல் வெளியிட்ட நூலில் அமெரிக்க வெள்ளை இனவெறியை இரண்டாகப் பிரித்தார்: ஆளத் துடிப்பது ஒன்று, அருவருத்து விலகுவது இன்னொன்று. இரண்டாம் வகையின் ஆழத்தில், கறுப்பு உடம்பை மலத்தோடு இணைக்கும் கற்பனை உறைந்திருப்பதாக அவர் வாதிட்டார். உடலிலிருந்து வெளித்தள்ளப்பட்டவை ‘நான்’ என்பதன் எல்லையையே கலைத்துவிடும் என்பதால்தான் குமட்டல் எழுகிறது என்று 1980இல் ஜூலியா கிறிஸ்தேவா எழுதினார். மலத்தை இன்னொருவருடைய குடிநீரில் கலக்கும் செயலை விளக்க இவற்றைவிடக் கூரிய கருவிகளை நான் படித்ததில்லை.

ஆனால் இனவெறியைப் பற்றிய கோட்பாடுகள் தோலிலிருந்து தொடங்குபவை. மார்த்தினிக்கில் பிறந்த மனநல மருத்துவர் ஃபிரான்ஸ் ஃபனான், 1952இல் வெளிவந்த ‘கறுப்புத் தோல், வெள்ளை முகமூடிகள்’ நூலில், இழிவு எப்படித் தோலின் மேலேயே எழுதப்படுகிறது என்று காட்டினார். ஒரு வெள்ளைக் குழந்தையின் பயந்த பார்வை ஒன்றே அதற்குப் போதும். இறையூரிலும் வேங்கைவயலிலும் அப்படிப் படித்துக்கொள்ளத் தோல் இல்லை. ஒரே வெயில், ஒரே பேச்சு, ஒரே பெயர்கள். அருகருகே வாழும், பெரிதும் ஒத்திருக்கும் மக்களே சிறு வேறுபாடுகளை ஊதிப் பெருக்கி ஒருவரையொருவர் இகழ்கிறார்கள் என்று ஃபிராய்ட் 1930இல் எழுதியது இங்கே அதிகம் பொருந்துகிறது. வேறுபாடு கண்ணுக்குத் தெரியாதபோது அதைப் பொருள்களைக் கொண்டு செய்துகாட்ட வேண்டியிருக்கிறது. அதற்குத்தான் இரண்டாவது குவளை.

அதைச் சற்று அருகில் போய்ப் பார்ப்போம். பால் ஒன்று, டிகாக்‌ஷன் ஒன்று, அடுப்பும் ஒன்று. கொடுத்த காசு ஒரே கல்லாவுக்குப் போகிறது. காசுக்குத் தீட்டு இல்லை. வாய் படும் விளிம்பில் மட்டும் தீட்டு வந்து உட்கார்ந்துகொள்கிறது. கடைக்காரர் ஒவ்வொரு முறை கை நீட்டும்போதும் ஆளைப் பார்த்து, சாதியை நினைத்து, குவளையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நாளடைவில் நினைக்காமலேயே கை அந்தப் பக்கம் போகும். நனவிலி என்பதை நம் ஊரில் தேட இதைவிட நல்ல இடம் கிடையாது. கோயிலில் நடந்ததும் இதோடு சேர்ந்ததே. ஆட்சியர் முன்னால் சொந்தக் குரலில் சொல்லத் துணியாததைச் சாமியின் குரல் சொல்லிவிட்டது.

தொட்டி வழக்கை 2023 ஜனவரி முதல் சிபிசிஐடி விசாரித்தது. டிஎன்ஏ சோதனைகள் நடந்தன. 2025 ஜனவரியில் நீதிமன்றத்துக்குத் தெரிவிக்கப்பட்ட குற்றப்பத்திரிகை வேங்கைவயல் தலித்துகள் மூவர் மேலேயே குற்றம் சுமத்தியது. ஊர் மக்கள் அதை மறுத்து சிபிஐ விசாரணை கேட்டார்கள். அந்த வழக்குக்குள் நான் போகவில்லை. தொட்டியில் கலந்தவர் யாராக இருந்தாலும், குவளையும் கோயில் வாசலும் நெடுநாளாக அங்கே இருந்தவை. வெறுப்பைத் தனியாட்களின் ஆளுமைக் கோளாறாக அளக்க முயன்றது 1950இல் அடோர்னோவும் உடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட ‘எதேச்சதிகார ஆளுமை’ ஆய்வு. 1956 பாரிஸ் மாநாட்டில் ஃபனான் நேர்மாறாகப் பேசினார்: இனவெறி ஊறிய பண்பாட்டில் இனவெறியர் இயல்பான மனிதரே. இறையூர் டீக்கடை என்னை ஃபனான் பக்கம் நிற்க வைக்கிறது.

இந்திய உளப்பகுப்பாய்வு இதையெல்லாம் முன்பே பார்த்திருக்கலாம். கிரீந்திரசேகர் போஸ் 1922லேயே கல்கத்தாவில் சங்கம் தொடங்கி ஃபிராய்டோடு கடிதத் தொடர்பும் வைத்திருந்தார். உயர்சாதி வங்காளிகள் நிறைந்த அந்த வட்டத்தில் சாதி மையக் கேள்வியாக எழவில்லை. அங்கே உறுப்பினராக இருந்த ராஞ்சி மருத்துவமனைக் கண்காணிப்பாளர் ஓவன் பெர்க்லி-ஹில் 1921 கட்டுரை ஒன்றில் இந்துக்களின் முழுக் குணத்தையும் மலம் சார்ந்த இச்சையாகச் சுருக்கினார். இனவெறியை விளக்க வந்த கருவியே ஆளும் இனத்தின் கையில் இழிவுபடுத்தும் கருவியானது. பின்னாளில் சுதிர் கக்கர் 1995இல் வெளியான நூலில் ஹைதராபாத் கலவரங்களை முன்வைத்து இந்து–முஸ்லிம் வெறுப்பை ஆராய்ந்தார். அது முக்கியமான நூல். சாதியைத் தொட்ட கூர்மையான சிந்தனை உளப்பகுப்பாய்வுக்கு வெளியிலிருந்தே வந்தது. அம்பேத்கர் 1936லேயே சாதியை ஒரு மனநிலையாகக் கண்டு, அதைத் தாங்கும் சாஸ்திர நம்பிக்கையைத் தகர்க்கச் சொன்னார். கோபால் குருவோடு சேர்ந்து 2012இல் வெளியிட்ட நூலில் சுந்தர் சருக்கை, தீண்டாமை முதலில் பிராமணரின் உடம்பிலேயே இருப்பது, அது பிறகு தலித்தின் மேல் இறக்கிவைக்கப்படுகிறது என்று வாதிட்டார். கிளைன் சொன்னதற்கு மிக அருகில் வரும் வாதம் இது.

பொருள்களால் வேறுபாட்டைச் செய்துகாட்டும் வேலையைப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலேயே கற்றுக்கொள்கிறார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் பள்ளித் தோழர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதையடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், மாணவர்கள் கையில் கட்டும் சாதிக் கயிறுகளைத் தடைசெய்யப் பரிந்துரைத்தது. வேண்டிய பரிந்துரைதான். அதற்கு அரசியல் எதிர்ப்பும் கிளம்பியது. ஒரு முழ நூலுக்காக அவ்வளவு சூடு ஏன் ஏறியது என்பதும் ஆய்வுக்குரியது. நம்மிடம் உள்ள ஆய்வுகளில் பெரும்பகுதி இழிவுக்கு ஆளானவர்களிடம் கேட்டவை. குவளையை நீட்டியவரிடம், கயிற்றைக் கட்டிவிட்ட தாய் தகப்பனிடம், அதை அவிழ்த்துவிட்டு வகுப்பில் உட்காரும் பதின்மூன்று வயதுப் பையனிடம், பக்கத்து பெஞ்சுக்காரனை இப்போது எதை வைத்து அடையாளம் காண்கிறாய் என்று பொறுமையாக உட்கார்ந்து கேட்கும் வேலை தமிழில் இனிமேல்தான் தொடங்க வேண்டும்.