ஆயத்த விமானமும் அரைகுறைக் கையேடும்

வானொலி அலைகளால் இயக்கப்படும் மாதிரி விமானம் இன்று பெட்டியில் அடைத்து விற்கப்படுகிறது. இறக்கை, வால், மோட்டார், மின்கலம் யாவும் ஆயத்தமாக உள்ளன. சில திருகுகளை முடுக்கினால் வேலை முடிந்தது. பள்ளி, கல்லூரி அறிவியல் கண்காட்சிகளிலும் இவை இடம் பெறுகின்றன. இவை மாணவருக்கு எதைக் கற்பிக்கின்றன, எதை மறைக்கின்றன என்று பார்ப்போம்.

1937-இல் அமெரிக்காவில் வால்ட்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டைச் சகோதரர்கள் 'குஃப்' என்னும் மாதிரி விமானத்தைப் பறக்கவிட்டனர். விமானத்தை ஒருவரும் வானொலிக் கருவியை மற்றவரும் தாமே செய்தனர். அது இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் உள்ளது. அவ்வளவு உழைப்பு இன்று தேவையில்லை என்பது ஆயத்த விமானத்தின் நிறை. நுரைப்பொருளால் ஆன உடல் சிறு மோதலைத் தாங்கும். ஒருவரது கருவி மற்றவர் விமானத்தில் குறுக்கிடாது.

குறை கையேட்டில் இருக்கிறது. "மின்கலத்தை அறையில் வைத்து மூடுக" என்று ஒரே வரியில் முடித்துவிடும் கையேடுகள் பல. எடுத்துக்காட்டாக, விமானத்தின் மொத்த நிறை 1000 கிராம், மின்கலம் 150 கிராம், இறக்கையின் அகலம் 20 செ.மீ. எனக் கொள்வோம். மின்கலத்தை 8 செ.மீ. பின்னே தள்ளினால் ஈர்ப்பு மையம் 150 × 8 ÷ 1000 = 1.2 செ.மீ. பின்னே போகும். இது இறக்கை அகலத்தில் 6 விழுக்காடு. இத்தகைய விமானங்களில் ஈர்ப்பு மையம் பொதுவாக இறக்கையின் முன்விளிம்பிலிருந்து 25 முதல் 30 விழுக்காட்டுக்குள் அமைய வேண்டும். அனுமதிக்கும் இடைவெளியே 5 விழுக்காடுதான்! நெம்புகோல் பாடம் படித்த ஒன்பதாம் வகுப்பு மாணவர் போடக்கூடிய இந்தக் கணக்கைக் கையேடு ஏன் சொல்லக்கூடாது?

அடுத்தது, விமானத்தைத் தானே நிலைப்படுத்தும் சுழல்மானிக் கருவி. மாணவர் செய்த பிழையை அது பறக்கும்போது ஓரளவு மறைத்துவிடுகிறது. பிழை எல்லை மீறினால் கைவிட்டுவிடுகிறது. அது தலைகீழாக இணைக்கப்பட்டிருந்தால், சாய்வைத் திருத்துவதற்குப் பதில் அதிகப்படுத்தும். சோதனை எளிது. மோட்டாரின் விசிறியைக் கழற்றிவிட்டு, வலது இறக்கையைக் கையால் சட்டென உயர்த்துங்கள். வலது இறக்கையின் மடல் மேலே எழ வேண்டும். மூக்கைத் தாழ்த்தினால் வால்மடல் மேலே எழ வேண்டும்.

மூன்றாவது குறை, கையேடு குளிர்நாட்டுக் காற்றை மனத்தில் வைத்து எழுதப்பட்டது போலிருப்பது. அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் கோடையில் வற்றிய கண்மாய் பறக்கவிட நல்ல வெளிதான். ஆனால் 38 பாகை வெப்பத்தில் காற்றின் அடர்த்தி, 15 பாகையில் உள்ளதைவிட ஏறத்தாழ 7 விழுக்காடு குறைவு. எனவே தரையை விட்டெழ 4 விழுக்காடு கூடுதல் வேகம் வேண்டும். நண்பகலில் புழுதியைச் சுருட்டி எழும் சுழற்காற்று வேறு. ஆடிக் காற்று மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் வீசினால், 36 கி.மீ. வேக விமானம் எதிர்க்காற்றில் 6 கி.மீ. வேகத்தில்தான் முன்னேறும். காற்றோடு போய்விட்டால் திரும்பி வருமுன் மின்கலம் தீர்ந்துவிடலாம். சீமைக்கருவேல முள்ளில் அதைத் தேடுவது யார்? அதிகாலையே நமக்கு உகந்த நேரம். வெயிலில் நிற்கும் காருக்குள் லித்தியம் மின்கலத்தை வைக்கவே கூடாது.

இதை விளையாட்டுப் பொருள் என்று அலட்சியம் செய்வோரும் உண்டு. ஒரு கிலோ விமானம் விநாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் மோதுவது, ஒரு கிலோ கல் 11 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்கு ஒப்பாகும். கண்மாயில் ஆடு மேய்ப்பவர் நம் சோதனைக்குச் சம்மதம் தந்தவர் அல்லர். 2021-ஆம் ஆண்டு டிரோன் விதிகளும் மாதிரி விமானத்தைக் கண்பார்வை எல்லைக்குள்ளேயே இயக்கும் ஒன்றாக வரையறுக்கின்றன. அரசின் வான்பரப்பு வரைபடத்தில் அவ்விடம் எந்த நிறத்தில் உள்ளது என்பதையும் முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும்.

ஆகவே ஆசிரியர்களே, இந்த விமானங்களை வாங்க வேண்டாம் என்று சொல்லவில்லை, வாங்குங்கள். ஆனால் கையேட்டோடு நிறுத்திவிடாதீர்கள். ஈர்ப்பு மையத்தைக் கணக்கிட்டு, விரல் நுனியில் தாங்கிச் சரிபார்க்கும் வேலையை மாணவரிடமே விடுங்கள். பறப்பது ஐந்து நிமிடம். இயற்பியல் பாடம், அதற்கு முந்திய அரைமணி நேரத்தில்தான் இருக்கிறது.