குறை சொல்லும் நயம்

ரஸ்ட் நிரல்மொழியில் 0382 என்ற எண்ணோடு ஒரு பிழைச்செய்தி உண்டு. ஒரு மாறியில் இருந்த பட்டியலை இன்னொரு மாறிக்குக் கொடுத்துவிட்டு, பழைய பெயரையே மறுபடி பயன்படுத்தினால் வரும். அலுக்காமல் வாசிக்கலாம். பட்டியல் எங்கே பிறந்தது, எங்கே கைமாறியது, கைமாறிய பின் எங்கே அதைத் தொட்டீர்கள் என்று மூன்று இடங்களையும் உங்கள் நிரலிலிருந்தே எடுத்துக் காட்டுகிறது, நிரலை மொழிபெயர்க்கும் கம்பைலர். இடறிய இடத்துக்குக் கீழே சிவப்புக் குறி; காரணமான இடங்களுக்கு நீலக் கோடு. சிவப்பு என்ன நடந்தது என்கிறது, நீலம் ஏன் நடந்தது என்கிறது. கடைசியில் ஓர் உதவிக்குறிப்பு: வேகம் குறைவது பரவாயில்லை என்றால் நகல் எடுத்துக்கொள்ளலாம். அந்த ‘பரவாயில்லை என்றால்’ எனக்கு மிகவும் பிடிக்கும். வழியைச் சொல்லி, அதற்கான விலையையும் சொல்லி, முடிவை எழுதுகிறவரிடமே விட்டுவிடுகிறது.

2016-இல் வந்த இந்த வடிவத்துக்கு முன்னோடி எல்ம் என்ற நிரல்மொழி. அதை உருவாக்கிய எவன் சப்லிக்கி, 2015-இல் பிழைச்செய்திகளை மனிதர்களுக்காகத் திருத்தி எழுதினார். எல்ம் கம்பைலர் தன்மையில் பேசும்: இந்தப் பெயரை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை, இவை நெருக்கமாகத் தெரிகின்றன. குற்றப்பத்திரிகை வாசிக்கும் தொனி அதில் இல்லை.

தொனியை விடக் கடினமானது இடத்தைச் சரியாகக் காட்டுவது. பைதான் மொழியின் பழைய பதிப்புகளில் அடைப்புக்குறியை மூட மறந்தால், தவறே செய்யாத பிந்தைய வரி ஒன்றைக் காட்டி ‘தவறான தொடரமைப்பு’ என்று சொல்லி நின்றுவிடும். புதிதாகக் கற்கிறவர் அந்த வரியையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பார். 2021 அக்டோபரில் வந்த 3.10 பதிப்பு, திறந்த குறியையே சுட்டி, இது மூடப்படவே இல்லை என்கிறது. 3.9-இல், நிரலின் இலக்கணத்தைப் பகுக்கும் பார்சரையே மாற்றி வைத்ததால்தான் இது கைகூடியது. ஒரு வரி வாக்கியத்துக்குப் பின்னால் அவ்வளவு வேலை! அடுத்த ஆண்டின் 3.11, நீண்ட கோவையில் எந்தத் துண்டு உடைந்தது என்பதையும் அடிக்கோடிட்டது.

எழுத்துப்பிழைக்கு மாற்றுப் பெயர் சொல்வதை எல்லோரும் பாராட்டுகிறார்கள். எழுத்து வேறுபாட்டை எண்ணிப் பார்த்தால் அது கிடைத்துவிடும். அதைவிட அரிய திறமை, எப்போது பேசாமல் இருப்பது என்று அறிவது. ஒரு தவறு கிளப்பிவிடும் பத்துப் பொய்த் தவறுகளை விழுங்கி, மூலத்தை மட்டும் சொல்லும் கம்பைலரே என் கணக்கில் தேர்ந்தது.

ரஸ்ட் திட்டத்தில் பிழைச்செய்திகள் சொல்லுக்குச் சொல் சோதனைக் கோப்புகளில் பதிந்து காக்கப்படுகின்றன. குழப்பும் செய்தியைக் கம்பைலரின் பிழையாகவே அங்கே ஏற்று விவாதிக்கிறார்கள். நீங்கள் எந்த மொழியில் எழுதினாலும் சரி, புரியாத செய்தி ஒன்று வந்தால் உங்களை நொந்துகொள்ளாதீர்கள்; அதை உருவாக்கியவர்களுக்கு எழுதிப் போடுங்கள்.