பீட்சா (2012): பார்வையாளர் கருத்தும் மதிப்பீடும்

கார்த்திக் சுப்பராஜின் முதல் திரைப்படமான பீட்சா, சி. வி. குமார் தயாரிப்பில் 2012 அக்டோபர் 19 அன்று வெளியான சிறுமுதலீட்டுப் படம். ஆவி ஒவ்வொருவராகப் பழிவாங்குவது தமிழில் பழகிய கதை. 13-ம் நம்பர் வீடு (1990), ஈரம் (2009) இரண்டும் அவ்வழியில் வந்தவை. பீட்சாவும் அப்படியே தொடங்குகிறது: பூட்டிய பங்களா, அணைந்த விளக்கு, கையில் ஒரு டார்ச், அடுத்தடுத்துப் பிணங்கள். பணத்தட்டுப்பாடு இங்கே உதவியே செய்கிறது. டார்ச் வெளிச்சம் விழாத இடத்தைப் பார்வையாளரே நிரப்பிக்கொள்கிறார்.

பின்னர், வைரத்தை மறைக்க மைக்கேல் (விஜய் சேதுபதி) கட்டிய கதையே இது எனத் தெரிகிறது. பயந்ததெல்லாம் பொய்யா எனச் சிலர் சலித்துக்கொண்டனர். ஆனால் படம் ஏமாற்றவில்லை. பங்களாக் காட்சிகள் மைக்கேல் சொல்வதாகவே வருகின்றன. கேட்பவர், தன் மகளுக்குப் பேய் பிடித்திருப்பதாக அஞ்சும் முதலாளி சண்முகம் (நரேன்). பார்வையாளர் அமர்ந்திருப்பது அவருடைய இடத்தில். காதலி அனு (ரம்யா நம்பீசன்) பேய்க்கதை எழுதுபவள் என்ற தகவலும் முன்பே கொடுக்கப்பட்டுவிடுகிறது. இரண்டாம் முறை பார்ப்பவர்களுக்குப் படம் கூடுதலாகப் பிடிப்பது இதனால்தான்.

குறை இறுதிக்காட்சியில் இருக்கிறது. நித்யா என்ற பெயரோடு வரும் சிறுமியும் தானே மூடும் கதவும் திரையரங்கில் கைதட்டல் வாங்கக்கூடியவை. எனினும் பேயைப் பொய்யாக்கிய துணிவை அக்காட்சி பாதி திருப்பி வாங்கிக்கொள்கிறது.