மூட்டுத் தெரியாத கைலி

மலேசியாவின் கெடா மாநிலத்தில் மலாய்க்காரர்கள் ‘காயின் பெலிக்காட்’ என்றும் தமிழர்கள் கைலி என்றும் சொல்லும் கட்டம் போட்ட பருத்தித் துணிக்குப் பெயர் கொடுத்த ஊர், சென்னைக்கு வடக்கே இருக்கும் பழவேற்காடு. அங்கே 1613இல் கெல்ட்ரியா கோட்டையை எழுப்பிய டச்சுக்காரர்கள், சோழமண்டலக் கரைத் துணியைக் கொண்டுபோய்க் கிழக்குத் தீவுகளில் வாசனைப் பொருள்களுக்கு மாற்றினார்கள். 1690இல் அவர்களுடைய தலைமையிடம் நாகப்பட்டினத்துக்குப் போய்விட்டது. துணியில் ஒட்டிய ஊர்ப்பெயர் போகவில்லை. இந்த வணிகம் டச்சுக்காரர்களுக்கும் முந்தியது. 1512 முதல் 1515 வரை மலாக்காவில் இருந்த போர்ச்சுகீசியரான தோமே பிரெஸ் சோழமண்டலத் துணி அங்கே வந்திறங்கியதைக் குறித்திருக்கிறார். கெடாவிலேயே, பீடோங்கை அடுத்த பூஜாங் பள்ளத்தாக்கில் பழைய வணிகத்தின் தடயமாக மணிகளும் பானை ஓடுகளும் கிடைத்திருக்கின்றன. துணி மட்டும் அந்த ஈரமண்ணில் தங்காது.

பீடோங், குருண், சுங்கைப்பட்டாணி வட்டாரத்துத் தோட்டங்களில் பெண்கள் உடுத்திய பாத்தேக் கைலி ஜாவா மரபு. வெள்ளைத் துணியில் மெழுகு வைத்து, மெழுகு படாத இடத்தில் சாயம் ஏற்றுவது அது. பூகிஸ் மக்களின் மரபில் கட்டம் பட்டில் வரும். பெலிக்காட்டோ பருத்தி, நெய்வதற்கு முன்பே நூலுக்குச் சாயம் தோய்த்துவிடுவார்கள். பாவில் ஒரு நிறமும் ஊடையில் இன்னொன்றும் ஓட, இரண்டும் குறுக்கிடும் இடத்தில் மூன்றாவது நிறம் தானே பிறக்கும். குடியாத்தமும் குறிஞ்சிப்பாடியும் இந்த வழியில் வந்த நெசவூர்கள்.

தரம் பார்ப்பதும் இதிலிருந்தே தொடங்குகிறது. நெய்த கட்டம் இரு புறமும் ஒரே மாதிரி இருக்கும். அச்சடித்ததில் உட்புறம் வெளிறும். ஓரத்தில் ஓர் இழையை உருவிப் பார்த்தாலும் தெரிந்துவிடும். நூலின் நம்பர் கூடக்கூட இழை மெல்லியது: 840 கஜச் சிட்டம் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை வருகிறதோ அதுவே நம்பர். கடையில் விறைப்பாக நிற்கும் துணியை நம்பக் கூடாது. அந்த விறைப்பில் பாதி கஞ்சி, முதல் அலசலிலேயே போய்விடும்.

நெசவாளியின் வேலை முடிந்ததும் தையற்காரரின் வேலை. ஏறத்தாழ 2 மீட்டர் துணியின் இரு முனைகளையும் சேர்த்துத் தைப்பதுதான் கைலி மூட்டுவது. பார்க்க எளிய நேர்த்தையல்; கட்டம்தான் அதைக் கடினமாக்குகிறது. வெட்டும்போதே கட்டம் முழுதாக முடியும் இடத்தில் வெட்ட வேண்டும். பிறகு கோட்டின் மேல் கோட்டை வைத்து, குண்டூசி குத்திப் பிடித்துத் தைக்க வேண்டும். இரண்டு இழை விலகினாலும் கோடு அந்த இடத்தில் படிக்கட்டாக உடையும். உடுத்தி நிற்பவரைப் பின்னாலிருந்து பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது அதுதான். நல்ல மூட்டைக் கண்ணால் தேடிக் கண்டுபிடிப்பது கடினம், விரலால் தடவித்தான் அறிய வேண்டும்.

தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களில் கைலிக்கு உடுப்பதோடு வேலை தீராது. பல முறை துவைத்து மெத்தென்று ஆனதும் அது குழந்தைக்குத் தொட்டிலாகும். மூட்டிய துணி வளையமாகவே இருப்பதால், உத்தரத்திலிருந்து இறங்கும் கயிற்றில் அப்படியே கோத்து மாட்டிவிடலாம். மூட்டு முதுகில் உறுத்தாதபடி அதை மேலே தள்ளி வைப்பார்கள். அழகுக்காகக் கோடு சேர்த்துத் தைத்த அந்த ஒற்றைத் தையல் அங்கே பிள்ளையின் எடையைத் தாங்க வேண்டும். அதனால் தொட்டிலுக்கு எடுக்கும் கைலியில் மூட்டின் மேல் இன்னொரு ஓட்டம் தைத்துக்கொள்வது உண்டு.