ஆதி நாகப்பன் அறிக்கையும் நம் வாசிப்பும்

1957-இல் ஜார்ஜ்டவுன் மாநகரின் மேயராகப் பொறுப்பேற்றவர் தொழிற் கட்சியின் டி.எஸ். இராமநாதன். இப்பெருமையைப் பேசும் நாம், அவரை மேயராக்கிய தேர்தல்முறை பின்னர் என்னவாயிற்று என்பதைப் பேசுவது அரிது. இந்தோனேசிய மோதலைக் காரணங்காட்டி 1965-இல் ஊராட்சித் தேர்தல்கள் நாடெங்கும் நிறுத்திவைக்கப்பட்டன. மோதல் 1966-இல் ஓய்ந்தது, தேர்தல் திரும்பவில்லை.

இதனிடையே, 1965-இலேயே மேலவை உறுப்பினர் ஆதி நாகப்பன் தலைமையில் அரச விசாரணை ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டிருந்தது. ஊராட்சி மன்றங்களின் குறைகளை அது மறைக்கவில்லை. ஆயினும் தேர்தலை மீட்டளிக்குமாறே 1968-இல் பரிந்துரைத்தது. நோயை ஒப்புக்கொண்ட பின்னரும் மருத்துவத்தை வாக்காளரிடமே ஒப்படைத்த துணிவை இவ்வறிக்கையின் தனிச்சிறப்பாகக் கருதுகிறோம். அரசோ நிருவாகத் திறனை முன்னிறுத்தி எதிர்முடிவுக்கு வந்தது. 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் நியமன முறையை நிலைநிறுத்தியது. தேர்தலை மீட்கப் பினாங்கு 2012-இல் இயற்றிய சட்டத்தையும், மாநிலத்திற்கு அவ்வதிகாரம் இல்லையெனக் கூட்டரசு நீதிமன்றம் 2014-இல் ஏற்க மறுத்தது.

ஆதி நாகப்பனை ம.இ.கா. தலைவர்களுள் ஒருவராக நினைவுகூரும் நம் ஆய்வுலகம், அவருடைய அறிக்கையை ஒரு சிந்தனை நூலாக இன்னும் போதிய அளவு வாசிக்கவில்லை.