பொறியியல் எழுத்தில் விடுபடும் நிபந்தனை

பொறியியலைத் தமிழில் எழுதுவோர் மீது வழமையாகச் சொல்லப்படும் குறை, கலைச்சொற்கள் கடினம் என்பதே. ஆசிரியர் கலாசாலையிலும் எமக்கு அப்படித்தான் சொல்லித் தந்தார்கள்: சொல்லை எளிமையாக்கினால் பாமரனுக்கும் விளங்கும். கிராமத்துப் பாடசாலையில் 20 வருடங்கள் விஞ்ஞானம் படிப்பித்த பிறகு எனக்கு இதில் உடன்பாடில்லை. 'அமுக்கம்' என்ற சொல்லை எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒரே பாடவேளையில் பிடித்துக்கொள்கிறது. துறைசார் எழுத்து வெகுசன எழுத்தாகும்போது உதிர்ந்துபோவது வேறொன்று. எந்த நிலைமையில், எந்த அளவுக்குள் ஒரு விடயம் உண்மையாகும் என்ற நிபந்தனைதான் அது.

கொழும்புக்கு வரும்போதெல்லாம் வெள்ளவத்தைத் தமிழ்ச் சங்க நூலகத்தில் சில மணிநேரம் இருப்பது என் வழக்கம். பண்டைய குளங்கள் பற்றிய தமிழ்க் கட்டுரைகள் பலவற்றை அங்கு வாசித்திருக்கிறேன். அநேகமானவற்றில் 'பிசோகொட்டுவ' தவறாமல் இடம்பெறும். குளக்கட்டோடு சேர்ந்து, மதகின் நீரோட்டத்தைக் கட்டுப்படுத்தக் கல்லால் கட்டிய சதுரக் கிணறு அது. ஐரோப்பியருக்கு முன்பே நம் நாட்டவர் கண்ட நுட்பம் என்று வியந்து கட்டுரை முடிந்துவிடும். இவ்வியப்புக்கு மூலம், நீர்ப்பாசனப் பொறியியலாளராக இங்கு பணியாற்றிய ஹென்றி பாக்கர் 1909 இல் வெளியிட்ட 'ஏன்சியன்ட் சிலோன்' என்ற நூல். பாக்கர் வியப்போடு நின்றுவிடவில்லை. ஐரோப்பாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டப்பட்ட வால்வுக் கிணறுகளோடு ஒப்பிட்டுத்தான், அது என்ன வேலை செய்தது என்ற முடிவுக்கு வருகிறார். நம்மவர் முடிவை எடுத்துக்கொண்டு, வந்த வழியை விட்டுவிட்டார்கள்.

மறுபுறம், பொறியியலாளர் ச. ஆறுமுகத்தின் 'வோட்டர் ரிசோர்சஸ் ஒஃப் சிலோன்' (1969). ஆறுகளும் குளங்களும் எண்களாக நிற்கும் அந்நூலின் உழைப்பு மலைக்க வைக்கிறது. ஆனால் துறைக்கு வெளியே உள்ளவர் நாலு பக்கம் தாண்டுவது சிரமம். போதாததற்கு அது ஆங்கிலம்.

நமது முஸ்லிம் சஞ்சிகைகளும் விலக்கல்ல. அல் ஜஸரி 'ரோபோவின் தந்தை' என்று எத்தனை தடவை வாசித்திருக்கிறோம்! 1206 இல் அவர் நிறைவுசெய்த நூலில் 50 பொறிகள் உள்ளன. வரைபடங்களில் எழுத்திட்டு, பாகங்களின் அளவும் செய்முறையும் தந்து, ஒரு கைவினைஞன் திரும்பச் செய்யக்கூடியவாறு எழுதியிருக்கிறார். 1976 இல் லண்டன் விஞ்ஞான நூதனசாலையில் அவரது நீர்க் கடிகாரமொன்றை மீளச் செய்து காட்டினார்கள். பட்டம் சூட்டும் நம் கட்டுரைகளை வைத்து ஒரு சிரட்டையைக்கூட நிரப்ப முடியாது.

பெருமையோடு நின்றால் பரவாயில்லை. 2017 மே 18 ஆம் திகதி வெள்ளவத்தை சார்ளிமண்ட் வீதியில் மாடிக் கட்டடமொன்று இடிந்து விழுந்தது, உயிரிழப்பும் நேர்ந்தது. அதன் காரணத்தைத் தீர்மானிக்க நான் வரவில்லை. அந்நாட்களில் நான் வாசித்த பத்திரிகைகளில் காயமடைந்தோர் தொகையும் மீட்புப் பணியும் இருந்தன. செய்தியாளர் கடமை அது. ஆனால் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அடுக்குமாடிகளில் குடியிருக்கும் தமிழ் வாசகர் கேட்க வேண்டிய கேள்வியை யார் சொல்லிக் கொடுத்தார்கள்? ஒரு மாடி கூட்டினால் சுமை எங்கே போகிறது? பொறியியல் பாடநூல் இதைச் சமன்பாடாகச் சொல்லும். புதிய தளத்தின் பாரம் கீழேயுள்ள தூண்கள் வழியாக இறங்கி, அத்திவாரத்தைக் கடந்து மண்ணில் முடிகிறது. தூணும் அத்திவாரமும் எத்தனை மாடிக்குக் கணக்கிடப்பட்டனவோ அதுவே எல்லை. இதில் கடினமான சொல் எது?

கொங்கிறீட்டும் அப்படியே. 'உறுதியானது' என்று விளம்பரம் சொல்லும். பொறியியலாளரோ 28 ஆம் நாள் வலிமை எவ்வளவு, சீமெந்துக்கு எவ்வளவு நீர் என்று கேட்பார். குழைப்பது இலகுவாகட்டும் என்று மேசன் ஊற்றும் இன்னொரு வாளி நீர் அந்த வலிமையைக் குறைக்கிறது. இதை அறிந்த வீட்டுக்காரர் வாளியைத் தடுப்பார்.

உயர்தரம் வரை தமிழில் படித்த பிள்ளை மொறட்டுவையிலோ பேராதனையிலோ பொறியியலை ஆங்கிலத்தில் படிக்கிறது. பிறகு துறைக்கு எழுதுவதும் ஆங்கிலத்தில்தான். தமிழுக்குத் திரும்பினால் கவிதை எழுதுகிறார்கள். நல்ல கவிதைகள்தான், மறுக்கவில்லை. அவர்களில் ஒருவர் தான் குடியிருக்கும் மாடிக் கட்டடத்தைப் பற்றி, அதன் தூண் அளவோடும் அத்திவார மண்ணோடும், நாலு பக்கம் தமிழில் எழுதி அனுப்பினால், இரண்டு கவிதைகளை அடுத்த இதழுக்குத் தள்ளியாவது ஆசிரியர் குழு அதைப் பிரசுரிக்க வேண்டும்.